நொச்சிவிடுதித் தோப்பில் நின்ற சுழல்காற்று

வானத்திலிருந்து தும்பிக்கைபோல் சுழல்காற்று இறங்கி வீடுவாசலைப் பெயர்த்துக்கொண்டு போகிற இடங்கள் உலகத்தில் சில உண்டு. எண்ணிக்கையில் அமெரிக்காவின் நடுச் சமவெளிதான் முதல். அந்த நாட்டில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் இறங்குகிறது. ஆள்சாவு என்று பார்த்தால் வங்காளதேசம் முந்தும். அர்ஜென்டினாவின் புல்வெளி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, ஏன், இங்கிலாந்தில்கூடச் சின்னதாக இறங்கிப் போகும். அடுத்தபடியாக, புதுக்கோட்டை மாவட்டம் கந்தர்வக்கோட்டைப் பக்கம் நொச்சிவிடுதியில், நாகராசு வீட்டுக்கும் அவர் தங்கச்சி செவந்தி வீட்டுக்கும் நடுவே கிடக்கிற முந்திரித் தோப்பில், 2019 சித்திரையில் ஒன்று இறங்கியது. மற்ற ஊர்களில் அது கால்மணி நேரம் நின்றாலே பெரிய விஷயம். இங்கே ஆறு வருஷம் நின்றது.

காரணத்தை ஊரில் யாரும் ஆராய்ச்சி பண்ணவில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே. தோப்பில் பாதி செவந்திக்கு என்று அப்பன் சாகும்போது வாயால் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மரம் நின்றவரைக்கும் எது யார் பாதி என்ற பேச்சே எழவில்லை. விழுந்த பழத்தை ரெண்டு வீடும் பொறுக்கிக்கொண்டது. கஜா புயல் ஒரே ராத்திரியில் தோப்பை வழித்துப் போட்டு வெறுந்தரை தெரிந்ததும், நாகராசுக்குப் புத்தி கெட்டுப்போனது என்றுதான் சொல்ல வேண்டும். ஜேசிபி விட்டுச் சுத்தம் பண்ணி முழுத் தோப்பையும் தன் பெயருக்கு எழுதிக்கொண்டார். விவரம் தெரியாமல் செவந்தி தன் பாதியில் ஒட்டுக்கன்று வைத்தாள். அத்தனையையும் பிடுங்கிக் கொண்டுவந்து அவள் வாசலில் வீசினார். அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. கன்றுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "இனிமே என் மொகத்துல முழிக்காத. நான் செத்தாலும் என் வாசல மிதிக்காத" என்று மெதுவாகச் சொன்னாள். அவர் தோப்பைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு, "ஒன் வாசல்ல எவன்டி வந்து நிக்கப் போறான்" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். அதோடு பேச்சு அற்றுப்போனது.

அந்த வாரத்திலிருந்து நாகராசு வீடு சூடேறியது. பால் பாக்கெட் வாசல்படி தாண்டுவதற்குள் திரிந்தது. பல்லிகள் குடி பெயர்ந்தன. அவர் பெண்சாதி அழகம்மாள் உலையைத் தரையில் வைத்தாலே கொதித்தது. கேஸ் மிச்சம்தானே என்று கேலி பேசியவர்களும் உள்ளே போய் ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை. செவந்தி வீடு அதற்கு நேர் எதிர். அக்கினி நட்சத்திரத்தில் அங்கே தேங்காய் எண்ணெய் கட்டி தட்டிக் கிடந்தது. அவள் புருஷன் சேவுகன் மே மாசத்தில் மங்கி குல்லா போட்டுக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். அண்ணன் கோபம் நாள் முழுக்கக் கத்துகிற கோபம், தங்கச்சி கோபம் வாயே திறக்காத கோபம். ரெண்டில் எது கெட்டது என்று கேட்டால், ரெண்டும்தான் கெட்டது. சித்திரையில் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று ஏறி வந்த ஒரு மத்தியானம், நாகராசு வீட்டுச் சூடு தரையோடு நகர, செவந்தி வீட்டுக் குளிர் அதன் தலைக்கு மேல் போய்க் கவிய, நடுத்தோப்பில் செம்மண் எழும்பியது. கோடையில் தெருவில் சுற்றுமே பேய்க்காத்து, அதுவென்று நினைத்துப் பொம்பளைகள் வழக்கம்போல் செருப்பைக் காட்டித் துப்பினார்கள். துப்பியது அவரவர் முகத்திலேயே வந்து விழுந்தது. செருப்பில் பாதி திரும்பவே இல்லை.

வைகாசியில் சென்னையிலிருந்து வானிலைக்காரர் ஒருவர் வந்தார். அருள்மணி என்று பெயர், நல்ல மனுஷன். தோப்போரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, முதுகுக்குப் பின்னால் அது இரைந்துகொண்டிருக்க, அது இங்கே ஏன் வரவே முடியாது என்று எங்களுக்கு விளக்கினார். அமெரிக்காவில் தெற்கே வளைகுடாக் கடலிலிருந்து சூடும் ஈரமுமாகக் காற்று தரையோடு ஏறி வருமாம். மேற்கே பெரிய மலைத்தொடரைத் தாண்டிய வறண்ட காற்று அதன் தலைக்கு மேல் மூடுமாம். வடக்கே கனடாவிலிருந்து குளிர்காற்று இறங்குமாம். தடுக்க நடுவில் ஒரு மலை கிடையாது, மோதிக்கொள்ள வேண்டியதுதான். கீழ்க்காற்று ஒரு திசை, மேல்காற்று வேறு திசை, அதில் வேகமும் கூடுதல் என்றால், ரெண்டுக்கும் நடுவில் மாட்டிய காற்று படுத்தவாக்கில் உருளும். சூட்டுக்காற்று மேலே எழும்போது அந்த உருளையை நிமிர்த்தி நிறுத்திவிடும். வங்காளதேசத்திலும் கிட்டத்தட்ட அதே கதை, கீழே கடலின் ஈரம், மேலே மேற்கிலிருந்து வறண்ட காற்று. "இங்க ஈரம் இருக்குங்க, சூடு கேக்கவே வேணாம். குளிர்தான் இல்ல. பூமத்திய ரேகைக்கு இவ்ளோ கிட்டத்துல மேல்காத்துக்கும் அவ்ளோ வேகம் வராது" என்றார். சேவுகன் அவரைத் தன் வீட்டுக்குள் கூட்டிப் போனார். வெளியே வந்தபோது அருள்மணியின் மூக்குக்கண்ணாடி முழுக்க வேர்த்து மூடிக்கொண்டது. அதைத் துடைத்துக்கொண்டே, அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கிட்டாப் போதுமே என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அதைச் சொல்ல சென்னையிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை.

பூமியின் வடபாதியில் பெரும்பாலும் இடப்பக்கமாகச் சுற்றுமாம் இந்தக் காற்று. எங்கள் ஊரில் அப்படி ஒரு ஒழுங்கெல்லாம் இல்லை. யார் கோபம் அன்றைக்குப் பெரிதோ அந்தப் பக்கமாகச் சுற்றும். ரேஷன் கடைக் கூரை போனது, ஆடுகள் போயின, ஒரு டிவிஎஸ் வண்டி மாட்டுச்சந்தைத் திடலில் ஸ்டார்ட் ஆனபடியே போய் இறங்கியது. ஊருக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். அண்ணன் தங்கச்சி எங்கே போனாலும் அது நடுவில் போய் நிற்கும் என்பதால், ஒரே கல்யாணத்துக்கு ரெண்டு பேரையும் அழைப்பதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். 2021-இல் இன்னாசி சமாதானம் பேசப் போனார். ரெண்டு வீட்டுக்கும் வேண்டியவர், ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நடுத்தோப்புக்குப் போய் ரெண்டு பக்கமும் கையைக் காட்டி வாங்க வாங்க என்று கூப்பிட்டார். நாகராசு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். செவந்தி கதவைச் சாத்தினாள். இன்னாசியின் உடல் மறுநாள் பெருங்களூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் கிடைத்தது. பாவம், கை ரெண்டும் விரிந்தபடியே இருந்தது. துக்கத்துக்கு அண்ணனும் வந்தார், தங்கச்சியும் வந்தாள், அதனால் காற்றும் வந்து பந்தலைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த மனுஷன் செத்த வீட்டிலாவது இவர்கள் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை, நாங்களும் அதை மன்னிக்கவில்லை.

2024 கடைசியில் செவந்திக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. தஞ்சாவூரில் காட்டினார்கள், பார்க்கவேண்டிய வைத்தியமெல்லாம் பார்த்தார்கள், ஆறு மாசம் தாண்டாது என்று ஆனது. எங்கள் பக்கம் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து மேலே போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். அது இல்லாமல் போகிறவளை நாதியற்றவள் என்பார்கள். செவந்திக்கு இருந்தது ஒரே அண்ணன். "நான் கூப்புட மாட்டேன். ஆனா கோடி விழாம என்னையத் தூக்கிராதீங்க" என்று சேவுகனிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதே மாசம் நாகராசு கந்தர்வக்கோட்டை ஜவுளிக்கடைக்குப் போய் அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்தார். வீட்டில் வைத்தால் பொசுங்கிவிடும் என்று கடையிலேயே வைத்திருக்கச் சொன்னார். யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டாராம், செத்தபின் போர்த்தச் சேலை எடுத்து வைப்பாராம். என்ன ஜென்மமோ.

2025 சித்திரையில் செவந்தி செத்தாள். ஃப்ரீசர் பெட்டிக்காரர் போன் பண்ணிக் கேட்டதற்குச் சேவுகன் வேண்டாம் என்றார். அந்த வீட்டுக்கு எதற்குப் பெட்டி. அவள் போனதோடு குளிரும் போகும், காற்றும் விழும் என்று ஊரே எதிர்பார்த்தது. ஆள் போயும் கோபம் போகவில்லை. அவள் புருவத்தில் பனி படிந்தது, காற்று இன்னும் உயரமாய் எழுந்தது. சேவுகன் தார்ரோட்டைச் சுற்றிப் போய்க் கேதம் சொன்னார். "மச்சான், செவந்தி போயிட்டா. ஒங்க கோடிக்குத்தான் கெடக்கா." நாகராசுவின் கண்ணீர் கன்னத்துக்கு வருமுன் காய்ந்தது. வாரேன் என்றார். கடையிலிருந்து சேலையை வாங்கிக்கொண்டு மினி பஸ்ஸில் வந்தார்; காற்று ரோட்டில் வந்து நின்றது. வீட்டில் பொசுங்கிவிடும் என்று ராத்திரிக்குச் சேலையை டீக்கடையில் கொடுத்து வைத்தார். மறுநாள் கண்மாய்க் கரை வழியாக வந்தார். அங்கேயும் வந்து மறித்தது. மூன்றாம் நாள், எங்கிட்டுப் போனாலும் அது நடுவில் நிற்கும் என்று தெரிந்துபோனதும், சேலையை வாங்கிவந்து வீட்டு வாசலிலிருந்து நேராகத் தோப்புக்குள் இறங்கினார். அழகம்மாள் கையைப் பிடித்தாள். அவர் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

தோப்புக்கு ரெண்டு பக்கமும் ஊர் நின்று பார்த்தது. முதலில் துண்டு போனது, பிறகு சட்டை, பிறகு வேட்டி. சேலையை நெஞ்சோடு கட்டிப்பிடித்திருந்தார். நடுத்தோப்பில் அதையும் பிடுங்கியது. அரக்குச் சேலை முழுசாக விரிந்து, மேலே மேலே போய், தஞ்சாவூர்த் திசையில் மறைந்ததை எல்லாரும் பார்த்தோம். செம்மண் உடம்பை உரித்திருந்தது, ஒரு காது இல்லை. அரைஞாண் கயிறு மட்டும் மிச்சமாக அவர் அந்தப் பக்கம் கரையேறி, ஆறு வருஷமாக மிதிக்காத வாசலை மிதித்தார். பொம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் தன் கையை விரித்துப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. "கோடி போயிருச்சு ஆத்தா. நான் மட்டுந்தான் வந்துருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தங்கச்சி மேல் குப்புற விழுந்து அவளை முழுக்க மூடிப் படுத்துக்கொண்டார். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. வீடெல்லாம் ஆவி. தோப்பில் நின்றது பொத்தென்று மண்ணாகக் கொட்டியது.

ஆவி விலகியதும் நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கப் பார்த்தார்கள். வரவில்லை. அவரும் போயிருந்தார், உடம்பு சூடும் இல்லை, குளிரும் இல்லை. எந்த வீட்டிலிருந்து எடுப்பதென்று தகராறு வந்துவிடுமோ என்று எல்லாரும் தலையைக் குனிந்திருந்தபோது அழகம்மாள் தோப்பின் குறுக்கே நடந்து வந்தாள். வந்து புருஷனைப் பார்த்தாள், அவருக்குக் கீழே நாத்தனாரைப் பார்த்தாள். தாலியைக் கையால் பொத்திக்கொண்டு, "பொறந்த வீட்டுக் கோடி விழுந்துருச்சு. தூக்குங்க" என்றாள். ஒரே பாடையில் தூக்கினோம்.

அதற்குப் பிறகு அந்தத் தோப்பில் காற்றே கிடையாது. மழைக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நெல் தூற்றுகிறவர்கள் பக்கத்து ஊர்க் களத்துக்குப் போகிறார்கள். காக்கைகள் தோப்போரம் வந்ததும் இறங்கி, நடந்து கடந்து, அந்தப் பக்கம் போய்ப் பறக்கின்றன. சேவுகனுக்குச் சமைத்துப் போட ஆளில்லாததால் அழகம்மாள் தினமும் குழம்பு கொண்டுபோகிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். அங்கே அழுதால் வெளியே கேட்காது என்று அவளுக்குத் தெரியும். மூச்சு தாங்குகிறவரை நடுவில் நின்று அழுதுவிட்டு, குழம்பு ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறாள்.