எர்சிலியாவின் கல்லறைப் படம்

சாவதற்கு முன்பே கல்லறையைத் தயார் செய்து வைப்பது மொந்தெசால்வோ ஊரில் வழக்கம்தான். பெயர், பிறந்த வருடம், படம் எல்லாம் பதித்துவிடுவார்கள்; இறந்த வருடத்துக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். ஆகவே எண்பதைத் தாண்டிய எர்சிலியா தன் கல்லுக்குப் படம் கொடுத்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எந்தப் படத்தைக் கொடுத்தாள் என்பதில்தான் விஷயம் இருந்தது.

கல்தச்சர் குவால்தியேரோ படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எர்சிலியாம்மா, இது யாரு?”

“நான்தான். இருபத்துமூணு வயசுல எடுத்தது.”

“இப்ப எடுத்தது ஏதாவது இருந்தா...”

“பக்கத்துல யாரு படுத்திருக்கான்னு உனக்கே தெரியும். அவ பக்கத்துல காலம் முழுக்க நான் கிழவியா இருக்கணுமா? பேசாம இதையே பதி.”

பக்கத்தில் படுத்திருந்தவள் அவளுடைய தங்கை நஸ்ஸரேனா. ‘லியா வல்தோரோ’ என்ற பெயரில் சினிமாவில் கொடிகட்டிப் பறந்து, இருபத்தாறு வயதில் விஷக்காய்ச்சலில் போனவள். சினிமாவே பிடிக்காத அம்மா, கல்லில் வீட்டுப் பெயரைத்தான் வெட்டச் சொன்னாள். படமும் பதினாலு வயதில் இரட்டைச் சடையோடு எடுத்தது. தங்கைக்கு ஏற வேண்டிய வயதெல்லாம் சேர்ந்து தன் தலையில் ஏறிவிட்டது என்று எர்சிலியாவுக்கு ஒரு குறை.

படம் பதித்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. அக்கா தங்கை சாயல் ஒத்துப்போனதால், இவள்தான் நடிகை என்று ரசிகர்கள் தாங்களாகவே முடிவு கட்டி, கொண்டுவந்த பூவையெல்லாம் எர்சிலியாவின் கல்லில் குவித்தார்கள். யாரோ படத்துக்கு உதட்டுச்சாயத்தோடு முத்தம்கூடக் கொடுத்திருந்தார்கள். எர்சிலியா துடைக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே அங்கே வந்து, தங்கையிடம் “பாத்தியாடி?” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

கல்லறைத் திருநாளன்று பொலோஞாவிலிருந்து ஒரு பருத்த மனிதர் கை நிறையச் சாமந்தியோடு வந்தார். எர்சிலியாவின் படத்துக்கு முன் மண்டியிட்டு, “லியா! என் தங்கமே!” என்று விம்மினார். அருகில் நின்ற எர்சிலியா கூச்சத்தோடு தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

அவர் மூக்கைச் சிந்திவிட்டுப் பக்கத்துக் கல்லைக் காட்டினார். “இந்தப் புள்ள யாரு பெரியம்மா? மூஞ்சி உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு?”

எர்சிலியாவுக்குச் சுருக்கென்றது. தங்கையை அப்படிச் சொல்ல இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் உரிமை.

“யாருய்யா உருளைக்கிழங்கு? அவதான்யா உன் லியா!”

“அப்போ நான் பூ வெச்சது?”

“அது எனக்கு.”

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “நீங்க எப்பம்மா செத்தீங்க?”

“இன்னும் இல்லய்யா.”

உயிரோடிருப்பவளுக்குக் கல்லறைப் பூ வைத்தால் என்னென்ன கேடு வருமோ! மனிதர் சிலுவை போட்டுக்கொண்டு, இரும்பைத் தொட்டால் கேடு விலகும் என்ற நம்பிக்கையில் வாசலில் இருந்த இரும்புக் கதவை இரண்டு கையாலும் தொட்டுவிட்டு ஓட்டமாய் ஓடினார்.

எர்சிலியா சாமந்தியை எல்லாம் அள்ளித் தங்கையின் கல்லில் வைத்தாள். “அம்மாவுக்கு உன் கல்லுக்குப் படம் பொறுக்கவே தெரியலடி” என்றாள். நேரே குவால்தியேரோவின் பட்டறைக்குப் போய், அந்தச் சடைப் படத்தை எடுத்துவிட்டு சினிமாப் படம் ஒன்றைப் பதிக்கச் சொன்னாள்.

“அப்போ உங்க படம்?”

“இப்ப எடு. கிழவியாவே எடு. எவனும் எங்களைக் குழப்பிக்கக் கூடாது.”

கல்லறைப் படங்களுக்கென்றே பட்டறையில் வைத்திருந்த கேமராவைக் குவால்தியேரோ தூக்கினார். “எர்சிலியாம்மா, கண்ண மூடிட்டீங்களே!”

“கல்லறைக்குத்தானேய்யா? மூடியே இருக்கட்டும்!”