இரண்டரை அங்குலம்

ஐடா நூலை அப்பாவின் முகத்துக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்தாள். ஒரு கண்மணியின் நடுவிலிருந்து மறு கண்மணியின் நடு வரைக்கும் அளவு வேண்டும்.

"இன்னாடி, பொட்டிக்கு அளவெடுக்கிறியா?" என்றார் கொர்னேலியஸ். "அதுக்குத் தலையிலேர்ந்து காலு வரைக்கும் எடுக்கணும். உன் புருஷன கேளு, சொல்லுவான்."

"பேசாம இருங்கப்பா. கண்ணு ஆடுது."

சிரிக்கப் போய் அவருக்கு இருமல் வந்துவிட்டது. இருபது வருஷம் பூமிக்கடியில் விழுங்கிய கல்தூசி நெஞ்சுக்குள் உருண்டது. அது அடங்கும் வரை ஐடா முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இன்னும் நாலைந்து நாள்தான் என்று கம்பெனி டாக்டர் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது.

நூலை வாசலுக்குக் கொண்டுபோய்க் கணவன் ஏனோக்கிடம் கொடுத்தாள். அவன் அதை அளவுகோலில் வைத்துப் பார்த்தான்.

"இரண்டரை அங்குலம். சரியா கீது" என்று பலகையில் இரண்டு இடங்களில் கோடு கிழித்து, கோட்டுக்கு ஒன்றாக இரண்டு ஆணி அடித்தான்.

பாலகாட் தங்கச் சுரங்கத்துத் தச்சுப் பட்டறையில் அவனுக்கு வேலை. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன பழைய கேமரா ஒன்று அவனிடம் இருந்தது. அதற்கு ஒரே கண். இந்த வீட்டுக்கு வேண்டியதோ இரண்டு கண் பார்க்கும் படம்.

ரங்கூனிலிருந்து ஜூடித் எழுதிய கடிதத்தில் ஆரம்பித்தது அது. ஆறு வருஷத்துக்கு முன் ஐடாவின் தங்கை ஜூடித், சபை மாறி, மரியகுழந்தை என்ற கத்தோலிக்கப் பையனைக் கட்டிக்கொண்டு கப்பலேறியபோது, "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று சொல்லி அனுப்பியவர் கொர்னேலியஸ். போன மாதம் அவள் அக்காவுக்கு எழுதியிருந்தாள். அங்கே ஒரு இரட்டைக் கண்ணாடி விற்கிறதாம். கொஞ்சம் தள்ளித் தள்ளி எடுத்த இரண்டு படங்களை அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி அதன் வழியே பார்த்தால், ஆள் எதிரே உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிகிறதாம்.

ஐடா வாசித்ததைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தார் அப்பா. மூன்றாம் நாள் மருமகனைக் கூப்பிட்டார்.

"மூஞ்சிய காட்டமாட்டேன்னு சொன்னவன் நானு. நானே காட்டணும். தட்டையா வேணாம். எதிர்ல உக்காந்த மாதிரி பாக்கட்டும்."

இரண்டு கண் கேமராவுக்கு வழியில்லை. ஒரு கண்ணையே இரண்டு இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று ஏனோக்குக்குத் தோன்றியது. வெடிமருந்து வந்த பெட்டியின் பலகையை உடைத்து, நடுவில் நீளமாகப் பள்ளம் செதுக்கினான். கேமராவைத் தாங்கும் குட்டிப் பலகை ஒன்று அந்தப் பள்ளத்தில் நகரும். இந்த ஆணியில் இடித்து நின்றால் இடது கண், அந்த ஆணியில் இடித்து நின்றால் வலது கண். மொத்தத்தையும் ஒரு முக்காலி மேல் திருகி நிறுத்தினான். படம் பதியும் கண்ணாடித் தட்டுகள் இருந்தது இரண்டே இரண்டு.

வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. அப்பாவை நாற்காலியோடு தூக்கி வாசலில் மூங்கில் தட்டி ஓரமாக வைத்தார்கள். தலை ஆடாதிருக்க ஐடா பின்னால் ஒரு பலகை கொடுத்துத் துணி சுற்றினாள். பக்கத்து வீட்டு மங்கம்மா தன் கோழிகளை விரட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னா அண்ணே, மாப்பிள்ளை மாதிரி உக்காந்துட்டே."

"பொண்ணு பாத்து வை மங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள."

ஏனோக் கேமராவின் மூடியில் கை வைத்தான்.

"இரு" என்றார் கொர்னேலியஸ். "ரெண்டு மணி ஆவுது. பிளாஸ்ட் வரும்."

ஏனோக் நாக்கைக் கடித்துக்கொண்டான். தினமும் அந்த நேரத்துக்குக் கீழே பாறைக்கு வெடி வைப்பார்கள். தொழிலாளர்களின் லைன் வீடுகள் எல்லாம் குலுங்கும். கேட்டுக் கேட்டு யாருக்கும் அது காதில் விழுவதே இல்லை. இப்போது எடுத்திருந்தால் ஒரு தட்டு போயிருக்கும்.

தரை விட்டு விட்டு அதிர்ந்தது. உள்ளே தகரத் தட்டுகள் கிணுகிணுத்தன. கொர்னேலியஸ் பழைய பழக்கத்தில் விரல் மடக்கி எண்ணினார். "ஆறு... ஏழு. எல்லாம் வெடிச்சிட்டுது. இப்ப எடு."

ஏனோக் மூடியைத் திறந்தான். நான்கு எண்ணினான். மூடினான்.

"மாமா, அசையாதீங்க. பேசவும் கூடாது. நான் சொல்ற வரைக்கும் அப்படியே இருக்கணும்."

தட்டை மாற்றிவிட்டு கேமராவைத் தள்ளினான். பலகை நகரவில்லை. காலையில் தூறிய மழையில் மரம் ஊறிப் பிடித்துக்கொண்டிருந்தது. அழுத்தித் தள்ளினால் முக்காலியே திரும்பிவிடும்.

"ஐடா, மெழுகுவத்தி."

அப்பா சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் மெழுகுவத்தியில் மிச்சம் ஒரு துண்டு மாடத்தில் இருந்தது. ஐடா அதை எடுத்துவந்து மண்டியிட்டு, பள்ளத்தின் விளிம்பில் தேய்க்க ஆரம்பித்தாள். அப்பா நேராகத் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அவர் பதில் பேச முடியாத இந்த நேரத்தில்தான் அவளுக்குத் தைரியம் வந்தது.

"அப்பா, லெட்டர்ல கடைசிப் பக்கம் ஒண்ணு இருந்துது. உங்களுக்கு நான் படிச்சுக் காட்டல. ஜூடித்துக்குப் பையன் பொறந்து கீறான். கோயில்ல ஞானஸ்நானம் குடுத்து உங்க பேரே வச்சிருக்கா. கொர்னேலியஸ். கத்தோலிக்கக் கோயில்ல நம்ம பேரான்னு கோவிச்சிக்குவீங்கன்னுதான் சொல்லல."

மெழுகு தேய்ந்து பள்ளம் வழுவழுத்தது. அவர் அசையவில்லை. ஏனோக் சொன்ன சொல் கேட்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பலகை இப்போது ஓசையில்லாமல் நகர்ந்து அடுத்த ஆணியில் நின்றது. ஏனோக் மூடியைத் திறந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"ஆச்சு மாமா. இப்ப இருமிக்கோங்க."

அவர் இருமவில்லை.

மங்கம்மாதான் முதலில் கிட்டே போனாள். மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஐடாவைத் திரும்பிப் பார்த்தாள்.

பெட்டியை ஏனோக்கே செய்தான். வேறு யாரையும் தொட விடவில்லை. மறுநாள் காலை ஜெபம் முடிந்து அடக்கம் செய்தார்கள்.

மூன்றாம் நாள், மிஷன் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய இரட்டைக் கண்ணாடியோடும் இரண்டு படங்களோடும் அவன் வீட்டுக்கு வந்தான். முகத்தில் சோர்வு.

"முகம் நல்லா வந்து கீது. ஆனா வலது கை கெட்டுப்போச்சு. மொதல் படத்துல நாற்காலிக் கைய இறுக்கிப் புடிச்சிருக்காரு. ரெண்டாவதுல விரிஞ்சு கீது. ஜோடி சேராது. ஒத்தப் படமாவே அனுப்பிடலாமா?"

ஐடா படங்களைக் கண்ணாடியில் பொருத்திக் கண்ணருகே கொண்டுபோனாள். முதலில் இரண்டு அப்பாக்கள் தெரிந்தார்கள். மெல்ல நெருங்கி ஒருவரானார்கள். மூங்கில் தட்டி பின்னால் போயிற்று. முழங்கால்கள் முன்னால் வந்தன. நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் தொட்டுவிடலாம்போல எழுந்து நின்றன.

கை மட்டும் நிலைகொள்ளவில்லை. மூடியதா திறந்ததா என்று சொல்ல முடியாமல் மினுங்கியது. பார்க்கப் பார்க்க, அப்போதுதான் விரிந்துகொண்டிருப்பதுபோல இருந்தது.

"அவருக்குக் காது நல்லா கேக்கும் இல்ல?" என்றாள் கண்ணாடியை இறக்காமல்.

"மாமாவுக்கா? நாலு வீடு தள்ளிப் பேசினா கேக்கும். ஏன்?"

"ரெண்டு படத்துக்கும் நடுவுலதான் பேரன் பேரச் சொன்னேன்." கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு எழுந்து அடுப்பை மூட்டினாள். ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஏற்றினாள்.

"ரெண்டையும் ஒட்டுங்க" என்றாள்.

ஏனோக் அட்டையைத் துடைத்து வைத்தான். பசை கொதித்து, நடுவில் ஒரு குமிழி மெதுவாக எழும்பியது.