நெருப்பில் காட்டிய கிட்டார்

சைபுல்லாவால் ஓரிடத்தில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. கடுக்காய் காயவைத்திருக்கும் கொட்டகைக்குப் போவான், பாதி வழியில் திரும்பிவிடுவான். கிட்டாரை எடுத்து நாலு வரி வாசிப்பான், மூலையில் சாய்த்துவிடுவான். எதிர்மலை தெரிகிறதா என்று வெளியே வந்து பார்ப்பான். தெரியாது. மார்கழித் தூறலும் பனிமூட்டமும் ஒரு வாரமாக ஜவ்வாது மலையை மூடிக் கிடந்தன.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். வாணியம்பாடியில் அவன் அப்பா அதாவுல்லாவுக்குத் தோல் பதனிடும் ஷெட் இருந்தது. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும், கடுக்காய்க்கு மலை ஏற வேண்டும். வீட்டில் மற்றவர்கள் தட்டிக்கழித்த அந்த வேலையை இருபத்தாறு வயது சைபுல்லா முந்திக்கொண்டு வாங்கிக்கொண்டான். கடுக்காய் மேல் அவனுக்கு ஒன்றும் காதல் இல்லை. வீட்டில் தொட முடியாத கிட்டாரை மலையில் மூன்று மாதம் மனம்போல வாசிக்கலாம், அவ்வளவுதான். ஜமுனாமரத்தூர் ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே, சின்னராசு வீட்டில் தங்குவான். சின்னராசு சாமை விதைப்பார், புளி உலுக்குவார், ஊர்ச்சாமிக்கு மேளம் அடிப்பார். அவர் மேளம் இல்லாமல் அந்த ஊரில் சாமி கிளம்பாது.

அந்தக் கிட்டாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மெட்ராஸ் கல்லூரியில் படித்த காலத்தில் சைபுல்லாவுக்கு ஒரே சமயத்தில் இரண்டு கிறுக்குப் பிடித்தது. ஒன்று, நைலான் நரம்பை விரல் நகத்தால் மீட்டுகிற ஐரோப்பியக் கிளாசிக்கல். இன்னொன்று ஜாஸ். கிளாசிக்கல் கிட்டாருக்கு முகம் தட்டையாக, நடுவில் வட்ட ஓட்டையோடு இருக்கும். ஜாஸ்காரர்கள் வைத்திருப்பதோ வயலின் மாதிரி முகம் புடைத்து, இருபுறமும் வளைந்த கீற்று வெட்டி, இரும்புக் கம்பி பூட்டியது. இவனுக்கு இரண்டும் வேண்டும், அதுவும் ஒரே கிட்டாரில் வேண்டும். பெரம்பூரில் வயலின் பழுது பார்க்கும் ஓர் ஆங்கிலோ இந்தியரைப் பதினோரு மாதம் நச்சரித்து, புடைத்த முகத்தை மெல்லிசாகச் செதுக்க வைத்து, அதில் நைலான் நரம்பு பூட்டிக்கொண்டான். கிளாசிக்கல்காரர்கள் அதன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜாஸ்காரர்கள் நரம்பைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டுங்கெட்டான் என்று பெயரும் வைத்தார்கள். வாசித்துக் காட்டினால் மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு பேச்சை மாற்றினார்கள்.

அப்படிப்பட்ட கிட்டாருக்கு ஒரு கடிதம் வந்தது. பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் வாத்தியக் குழு நடத்துகிறவர் எழுதியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் கிளாசிக்கல், அது முடிந்ததும் ஜாஸ், இரண்டையும் ஒரே ஆள் வாசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து வாசித்துக் காட்டவும். அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. கிடைத்துவிட்டால் கடுக்காயும் வேண்டாம், ஷெட் நாற்றமும் வேண்டாம். வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சின்னராசுவிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

கடிதத்தின் கடைசி வரிதான் அவனை உட்காரவிடாமல் செய்தது. நாங்கள் ஒரு மெட்டுக் கொடுப்போம், அதை வைத்து அங்கேயே சொந்தமாகக் கற்பனை செய்து வாசிக்க வேண்டும் என்றிருந்தது. கிளாசிக்கலில் எழுதி வைத்ததை வாசிக்க வேண்டும். அதில் சைபுல்லா கெட்டிக்காரன். ஜாஸில் எழுதாததை வாசிக்க வேண்டும். அவனோ ரேடியோவிலும் ரிக்கார்டிலும் கேட்டதை நோட்டில் எழுதி, உருப்போட்டு, அந்த நிமிஷத்தில் தோன்றியதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பான். கேட்பவர்கள் ஏமாந்துபோவார்கள். சின்னராசு மட்டும் ஏமாறவில்லை. ஒரு சாயங்காலம் கூடவே மேளத்தில் விரலால் தட்டிக்கொண்டிருந்தவர், "நேத்து வாசிச்சதையே இம்மி பிசகாம வாசிக்கிறீங்களே பாய்," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். சைபுல்லா அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்கவில்லை.

வியாழக்கிழமை கிட்டார் சுத்தமாக அமுங்கிவிட்டது. மரம் ஈரம் குடித்திருந்தது. நரம்பை எவ்வளவு முறுக்கினாலும் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"சத்தமே எழும்ப மாட்டேங்குதுண்ணா. இத வெச்சிக்கினு நான் இன்னாத்த வாசிக்கிறது?" என்று காலையிலிருந்து பத்து தடவை புலம்பிவிட்டு, கடுக்காய் எடை போடக் கொட்டகைக்குப் போனான்.

சின்னராசுவுக்கு மனசு கேட்கவில்லை. ஈரத்தில் மேளம் அமுங்கினால் மலையில் என்ன செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். சருகைக் கூட்டிக் கொளுத்தி அனலில் தோலைக் காட்டுவார்கள். தோல் விறைத்துக்கொள்ளும், சத்தம் கணீரென்று எழும். முப்பது வருஷமாக அவர் கை செய்கிற காரியம். பாய்க்கும் அந்த உதவியைச் செய்துவைப்போம் என்று கிட்டாரை எடுத்தார்.

சைபுல்லா திரும்பி வந்தபோது சின்னராசு அடுப்பு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் கிட்டார் கிடந்தது. அதன் பின்பலகை விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டு விட்டு வாய் பிளந்திருந்தது.

"நரம்பு கருகிடுமேன்னு முதுகத்தான் காட்டனேன் பாய். தூரமாத்தான் காட்டனேன். பட்டுனு ஒரு சத்தம் கேட்டுது," என்றார். பிளந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

சைபுல்லாவின் நெஞ்சில் முதலில் எழுந்தது கோபம் இல்லை. அப்பாடா என்று ஒரு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை போக வேண்டியதில்லை. யார் கேட்டாலும் கிட்டார் உடைந்துவிட்டது என்று சொல்லலாம், அது பொய்யும் ஆகாது. அந்த நிம்மதி தனக்கே தெரிந்துபோனதும் அதை மூடுவதற்குக் கோபத்தை வரவழைத்துக்கொண்டான்.

"போச்சு. எம்பொழப்பே போச்சு. உங்கள யாரு இதத் தொடச் சொன்னது?" என்று கத்தினான்.

ஒன்றும் போகவில்லை. கிட்டாரை ஒட்டியிருந்தது வஜ்ஜிரம், தோல் கழிவைக் காய்ச்சி எடுக்கிற பசை. சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும். தோல் ஷெட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா என்ன? கொஞ்சம் வெந்நீர், துளி வஜ்ஜிரம், ஒரு கயிறு இருந்தால் போதும். எங்காவது ஒட்டு நெகிழ்ந்தால் ஆகும் என்று அவனே ஒரு வில்லை வஜ்ஜிரத்தைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தான். பெட்டியை அவன் திறக்கவில்லை. கிட்டாரைப் போர்வையில் சுற்றி மூலையில் வைத்தான்.

அந்த நிம்மதி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு ஆலங்காயம் போகிறவன், அன்றைக்கு பஸ் ரோடு வரைக்கும் நடந்துபோய், பஸ் வந்து நின்றதும் ஏறாமல் திரும்பிவிட்டான். வந்த வழியிலேயே மறுபடி ரோட்டுக்கு நடந்தான். கால் ஓய்ந்ததே தவிர மனசு ஓயவில்லை. வீட்டுக்கு வந்தால் சின்னராசுவின் மனைவி செந்தாமரை வாசலில் நின்றிருந்தாள்.

"நேத்துலருந்து அது ஒரு வாய் சோறு துன்னல. மேளத்த பரண்ல ஏத்திட்டுது. ஒருத்தர் பொழப்ப கெடுத்த கை, இனிமே மேளத்தத் தொடாதுன்னு சொல்லுது. நாளைக்கு சாமி கெளம்பணும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க," என்றாள்.

"செரியாயிடும்க்கா," என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனான். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அவனும் சாப்பிடவில்லை. ஆனால் பெட்டியை அப்போதும் திறக்கவில்லை.

சனிக்கிழமை தூறல் விட்டு வெயில் வந்தது. சாமை அறுப்பு முடிந்து ஊர்ச்சாமிக்குப் பொங்கல் வைக்கிற நாள். சாமியை ஜோடித்தாகிவிட்டது, மேளம் இல்லை. ஊர்க்கவுண்டர் கோபால்சாமி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"தெரியாம செஞ்சிட்டான் பாய். எங்க எல்லாருக்கும் மேளத்த அப்பிடிக் காய்ச்சித்தான் பழக்கம். மன்னிச்சிட்டேன்னு நீங்க வாயால சொன்னாத்தான் அவன் மேளத்தத் தூக்குவான். சாமி காத்துக்கினு கீது," என்றார்.

சின்னராசு சுவரோரம் தலை குனிந்து நின்றார். சைபுல்லாவுக்கு அந்த வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. பெரிய மனசுக்காரன் என்று தனக்கும் ஊரில் பெயர் வரும்.

"மன்னிச்சிட்டேண்ணா," என்றான்.

நாற்பத்தைந்து வயது மனுஷன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவன் காலில் விழுந்தார். தடுப்பதற்குள் நெற்றி அவன் பாதத்தில் பட்டுவிட்டது. இரண்டு நாள் பட்டினி கிடந்த உடம்பின் நடுக்கம் அவன் கால்விரலுக்குத் தெரிந்தது. மனுஷன் காலில் மனுஷன் விழுவதை அவன் மார்க்கம் ஒத்துக்கொள்ளாது. அதிலும் தப்புச் செய்தவன் காலில், செய்யாதவர். சைபுல்லாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

"எழுந்திரிங்கண்ணா. எழுந்திரிங்க," என்று தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். "அது உடையல. ஒட்டுதான் வுட்டுருக்குது. ஒட்டறதுக்கு வஜ்ஜிரம் எம்பெட்டியிலயே கீது. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

யாருக்கும் உடனே விளங்கவில்லை. செந்தாமரைதான் கேட்டாள்.

"அப்புறம் இன்னாத்துக்கு ஒட்டல?"

"பயந்துட்டேன்க்கா. பெங்களூர்ல போய் வாசிக்கப் பயம். எழுதி வெச்சிக்காம வாசிக்க எனக்கு வராது. கிட்டார் உடைஞ்சி போச்சின்னு சொன்னா போவ வேணாம்ல. அதான் அண்ணன் மேல போட்டுட்டேன்."

சின்னராசு எழுந்தார். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டவில்லை.

"ரெண்டு நாளு," என்றார். "பயமா கீதுன்னு சொல்லியிருந்தா நான் இன்னா, சிரிச்சிருப்பனா?"

கவுண்டர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். சின்னராசு பரணிலிருந்து மேளத்தை இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். வாசற்படியில் நின்று, திரும்பாமலேயே கேட்டார்.

"பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"ஒரு மணிக்குண்ணா."

"அதுக்குள்ள ஒட்டிடுமா?"

"ஒட்டிடலாம். ஆனா கயிறு போட்டுக் கட்டி, காலைல வரைக்கும் அவுக்காம வைக்கணும்."

"அப்ப கட்டனபடியே எடுத்துக்கினு போங்க. எங்க போயி அவுக்கணுமோ அங்க அவுத்துக்கங்க. இந்த வூட்ல அத இனிமே வாசிக்க வாணாம்."

சைபுல்லா பெட்டியைத் திறந்தான். அடுப்பில் தண்ணீர் வைத்து, சின்னக் கிண்ணத்தில் வஜ்ஜிரத்தை இளக்கி, பிளந்த இடத்தில் விரலால் தடவினான். கோவில் பக்கமிருந்து மேளம் கேட்டது. அவன் இத்தனை நாள் கேட்ட அடி இல்லை அது. இரண்டு நாள் வேதனையும் இப்போது எழுந்த கோபமும் அப்படியே கைக்கு இறங்கியிருந்தன. ஒவ்வொரு அடியும் தன்மேல் விழுவதாகவே அவனுக்கு இருந்தது. நாளைக்குப் பத்து மணிக்கு முன்பின் தெரியாதவர்கள் எதிரில் உட்கார்ந்து, தன் மனசில் என்ன இருக்கிறதோ அதை வாசிக்க வேண்டும். இப்போதைக்கு அங்கே பயமும் வெட்கமும்தான் இருந்தன. அதையாவது வாசிப்போம் என்று நினைத்துக்கொண்டான். கயிற்றை நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டான்.

பன்னிரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தான். போய்வருகிறேன் என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. எல்லாரும் சாமியோடு போயிருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டு, கயிறு கட்டிய கிட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான்.