கீழிருந்து நான்காவது முள்ளெலும்பு

மூட்டை தூக்கிப் பிழைக்கிறவருக்கு முதுகு வலித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அண்ணன் போனில் சொன்னபோது, "தைலம் தேய்ச்சுப் பாருண்ணா" என்றுதான் தங்கையும் சொன்னாள். அவர் தேய்த்துத் தேய்த்தே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டார். கடைசியில் அண்ணி நச்சரித்து, தங்கை எக்ஸ்ரே எடுக்கிற மருத்துவமனைக்கே இழுத்து வந்தாள்.

அந்த அறையில் தங்கைக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம். மேசையில் படுக்க வைத்து முழங்காலை மடக்கச் சொன்னாள்.

"நல்லா எடு பாப்பா. பொண்ணு பார்க்க அனுப்பணும்."

"இந்த மூஞ்சிக்கு எவ வருவா?" என்றாள் அண்ணி, கதவுக்கு வெளியே போய்க்கொண்டே.

படம் திரையில் விழுந்தது. முன்பக்கமாக எடுத்தால் ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இரண்டு வட்டங்கள் கண்களைப்போலத் தெரியும். கீழிருந்து நான்காவதில் ஒரு கண்தான் இருந்தது. கோணம் பிசகியிருக்கும் என்று இன்னொரு படம் எடுத்தாள். அதிலும் ஒன்றுதான்.

சட்டைப் பொத்தானைப் போட்டபடி அண்ணன் திரைக்கு வந்தார். "எல்லாம் இருக்கா?"

தங்கை பேச ஆரம்பித்தாள். "இது இடுப்பெலும்பு, தட்டையா அகலமா இருக்கா? ரத்தம் ஊறுறது இது மாதிரி எலும்புக்குள்ளதான். தொடையெலும்பு குழாய் மாதிரி நீளம், நீ தூக்குற பாரமெல்லாம் அது வழியாத்தான் இறங்கும். முள்ளெலும்புல நடுவுல ஓட்டை. காலுக்குப் போற நரம்பை அதுதான் பத்திரமா வெச்சிருக்கு. வெளியே கெட்டி, உள்ளே தேன்கூடு..."

விரல் ஒவ்வொரு எலும்பாக மேலே ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.

"ஒண்ணை விட்டுட்டியே. நீ இவ்வளவு பேசுற ஆளும் இல்லையே."

"டாக்டர் பார்க்கட்டும்ணா."

"அவர் பார்க்கட்டும். நீ என்ன பார்த்த?"

சின்ன வயதிலிருந்தே அவரிடம் பொய் சொல்ல அவளுக்கு வராது. "அதை என்னவோ அரிச்சிருக்குண்ணா."

அவர் கடைசிப் பொத்தானையும் போட்டார். "அண்ணிகிட்ட நான் சொல்லிக்கறேன்," என்றார். ஆனால் சொல்லவில்லை. தங்கைதான் சொல்ல வேண்டியிருந்தது.

புற்று சிறுநீரகத்தில் கிளம்பி எலும்புக்கு ஏறியிருந்தது. இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்று மருத்துவர் சொன்னார். தங்கை நம்பவில்லை. பத்து நாள் கதிர்வீச்சு வைத்தார்கள். அது முடிந்த வாரமே இரண்டு காலும் மரத்துப்போயின. இனி வலியை மட்டும்தான் குறைக்க முடியும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் முதுகு துடைப்பதற்காக இருவருமாக அவரைப் புரட்டினார்கள். அவர் இருமினார். தங்கையின் உள்ளங்கைக்கடியில் என்னவோ மளுக்கென்றது.

மூச்சு திரும்பியதும், "எது போச்சு?" என்றார்.

"விலா எலும்புண்ணா. ஒண்ணுதான்."

"இன்னும் எத்தனை இருக்கு?"

அண்ணி ஈரத்துணியோடு அப்படியே நின்றாள்.

அதிலிருந்து பதினோராம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரம் தங்கை வேலைக்குத் திரும்பினாள். முதுகுப் படம் என்று சீட்டு வந்தால் பக்கத்து அறையில் படம் எடுக்கிறவரைக் கூப்பிட்டுவிடுவாள். அவரும் எத்தனை நாள்தான் வருவார்?