டோபி விதி

சட்டமன்றக் குழு கூடும் அறைக்குள் நுழைந்ததும் வெர்னா ஸ்டாக்டேல் பக்கத்து நாற்காலியில் கோட்டைப் போட்டு, லோவல் ஹக்கபிக்கு இடம் பிடித்து வைத்தாள்.

பிராக்கெட் கிரீக் ஊர் மன்றத்தில் அவள் உறுப்பினர். லோவலின் சின்ன மகன் டோபி மதுக்கடை வாசலில் குத்துப்பட்டுச் செத்த பிறகு, ஊர் எல்லைக்குள் நீளக் கத்தியை யாரும் இடுப்பில் செருகித் திரியக் கூடாது என்று விதி கொண்டுவந்தவள் அவள்தான். டோபி விதி என்று அதற்குப் பெயரும் வைத்தாள். இப்போது மாநிலம் குறுக்கே வந்து நின்றது. கத்தி விஷயத்தில் மாநிலச் சட்டம் ஒன்றுதான், ஊருக்கு ஊர் தனி விதி செல்லாது என்று ஒரு மசோதா. அதை எதிர்த்துப் பேசத்தான் தலைநகருக்கு வந்திருந்தாள்.

லோவல் வந்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எதிர்வரிசையில் போய் உட்கார்ந்தார். இடம் தெரியாமல் போகிறார் என்றுதான் நினைத்தாள். மசோதாவை ஆதரித்துப் பேசுபவர்களில் முதல் ஆளாகத் தலைவர் அவர் பெயரைக் கூப்பிட்டார். வெர்னா பக்கத்து நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

லோவல் தாள் எதுவும் வைத்திருக்கவில்லை.

"எம் பையனக் குத்துனவன் சமையல்கட்டுக் கத்தியத் தூக்கிட்டு வந்தவன். விதி இருந்திருந்தா மட்டும் நின்னுருக்க மாட்டான். ஆனா பெரியவன் மெரில் மான் வேட்டைக்குப் போயிட்டுத் திரும்புறப்ப, ஊருக்குள்ள பெட்ரோல் போட நிறுத்தினான். தோலுரிக்கிற கத்தி பெல்ட்டுல இருந்துச்சு. எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அது குத்தமே இல்ல. இந்தப் பக்கம் விலங்கு மாட்டிட்டாங்க. சிறைக் காவலர் வேலை கையில வந்தது, அந்த வழக்கால போயிடுச்சு. தம்பி பேருல போட்ட விதியில அண்ணன் கைதானான்."

மெரில் நல்ல சம்பளத்துக்கு வடக்கே எண்ணெய் வயலுக்குப் போய்விட்டதாகத்தான் ஊரில் பேச்சு. வெர்னாவும் அப்படியே நம்பியிருந்தாள்.

அவள் முறை வந்தது. எழுதி வந்த தாளை மடித்து வைத்தாள். விதியைக் கொண்டுவந்தது தான்தான் என்றாள், மெரில் விஷயம் தெரியாது என்றாள். மதுக்கடைக்குள் கத்தி வரலாமா கூடாதா என்பதை ஊர்தான் முடிவு செய்யணும் என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். வேறு ஏதாவது உண்டா என்று தலைவர் கேட்டார். இல்லை என்று எழுந்துவிட்டாள். மசோதா அன்றைக்கே குழுவைத் தாண்டியது. கோடைக்குள் சட்டமாகி, டோபி விதியும் செத்தது.

அன்று கூட்டம் கலைந்ததும் வாகன நிறுத்தத்தில் லோவலைப் பிடித்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"அவன் பேர வெச்சுட்டியே வெர்னா. கடைக்குப் போனா கையப் புடிச்சுக்கிட்டு, நல்ல காரியம் நடந்துச்சுன்னு அழுவுறாங்க. அத எடுத்துடுன்னு நான் எப்படி வந்து சொல்லுவேன்?" அவர் குரலில் கோபம் இல்லை. "வெக்குறதுக்கு முன்னாடி நீ கேட்டியா?"

கேட்டதாகத்தான் இதுவரை நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால், அடக்கம் முடிந்த வாரம் அவர் வீட்டு வாசலில் நின்று, விதிக்கு டோபி பெயரை வைக்கப்போகிறேன் என்று அவள் சொன்னதுதான் ஞாபகம் வருகிறது. கேட்டது ஞாபகத்தில் இல்லை.

மெரில் நம்பரை வாங்கி, காருக்குள் உட்கார்ந்து போன் போட்டாள். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். தன் பெயரைச் சொன்னாள்.

மெரில் தள்ளி வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது. "எந்த வெர்னா? அந்த விதி போட்டவங்களா?"

"ஆமா" என்றாள். "உங்க யாருகிட்டயும் கேக்காமத்தான் போட்டேன்." அவன் போனை வைக்கவில்லை.