தேய்ந்த பெல்ட்டுக்கு அளவு

கனவில் ஓடுகிறவன் காலை எவ்வளவு வீசினாலும் இடம் நகரமாட்டான். தையல்காரரின் ஸ்கூட்டரும் சில வாரங்களாக அப்படித்தான் ஓடியது. ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறியதும் எஞ்சின் ஊரைக் கூட்டும். சக்கரமோ யோசித்து யோசித்து உருளும். காலைப் பனியில் மரங்கள்கூட வண்டியை முந்திக்கொண்டு போவது போலிருக்கும். அங்கே பின்சீட்டிலிருந்து மனைவி இறங்கிக்கொள்வாள். அவளுக்கு உச்சியிலிருக்கும் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் வேலை. மிச்ச மேட்டை அவள் நடந்து ஏற, அவர் வெறும் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு, ஊர்வலத்துக்குக் காவல் வருகிறவர் மாதிரி பக்கத்திலேயே வருவார்.

வீட்டில் அவர்கள் பேச்செல்லாம் சாவி எங்கே, தண்ணீர் வந்ததா என்பதோடு சரி. மனசு விட்டுப் பேசுவது இந்த மேட்டில்தான். அதனால், "அடுத்த மாசத்துலேருந்து ஆஸ்பத்திரி வேன்லயே போயிடறேங்க" என்று அவள் சொன்னபோது அவர் வண்டியையே நிறுத்திவிட்டார். உன் இஷ்டம் என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவிட்டு, நேரே மெக்கானிக்கிடம் ஓடினார்.

மெக்கானிக் பக்கத்து மூடியைக் கழற்றினார். கியர் போடத் தேவையில்லாத வண்டி அது. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் ரப்பர் பெல்ட்தான் எஞ்சினின் இழுப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. அந்த பெல்ட் இளைத்து வழுக்கியது. முன் கப்பிக்குள் இருந்த உருளைகளும் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தன. உருளை தன்னிடமே இருக்கிறதென்றும், பெல்ட்டை மட்டும் மாடல் பெயரைச் சொல்லி வாங்கிவரும்படியும், மாடல் நின்றுபோனதால் கொஞ்சம் அலைய வேண்டியிருக்குமென்றும் சொன்னார்.

தையல்காரர் கடைப் பலகையில் 'ஆடை வடிவமைப்பு மையம்' என்றிருக்கும். உள்ளே நடப்பது பெரும்பாலும் பேண்ட் கால் குறைப்பு. அப்பேர்ப்பட்டவர் பெயரைச் சொல்லியா பொருள் வாங்குவார்? கழுத்து டேப்போடு போய், பழைய பெல்ட்டைக் கடை மேசையில் விரித்து நீளம், அகலம் எல்லாம் எடுத்தார். என்ன மாடல் என்று கேட்ட கடைக்காரரைக் கையமர்த்தி, பெயரைக் கேட்டுத் துணி வெட்டுகிறவன் தையல்காரனே இல்லையென்று சிறு சொற்பொழிவும் ஆற்றினார். கூரையிலிருந்து கரும் விழுதுகளாய்த் தொங்கிய பெல்ட்டுகளுக்குள் புகுந்து, இம்மி பிசகாத ஒன்றோடு வெளியே வந்தார்.

மெக்கானிக் அதை மாட்டிக் கொடுத்தும், மறுநாள் மேட்டில் எஞ்சின் ஊரைக் கூட்டியது. மரங்கள் முந்தின. அவள் இறங்கினாள்.

மாலையில் மெக்கானிக் கழற்றித் திருப்பிக் கொடுத்த புது பெல்ட்டையும் பழையதையும் அவள் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சுருங்கிப்போன சட்டைய ஒருத்தர் அளவுக்குக் குடுத்தா என்ன தைப்பீங்க?"

"அதே அளவுல தைப்பேன்."

"அதான் வாங்கிட்டு வந்திருக்கீங்க."

அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மெதுவாகச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. எக்ஸ்ரே படம் பார்க்கிற பழக்கத்தில் பழைய பெல்ட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கி, சாய்த்துச் சாய்த்துத் திருப்பினாள். முதுகுப் பக்கத்தில், எலும்பு விரிசல் போல, ஓர் எண் மங்கலாக எழும்பி வந்தது. அவள் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, அவர் துணி வெட்டும் சாக்கட்டியால் சுவரிலேயே எழுதினார்.

அந்த எண்ணைக் கேட்டதும் கடைக்காரர், அதே கம்பெனியின் புதிய மாடலுக்கும் இதே பெல்ட்தான் என்று கையை நீட்டி எடுத்துக் கொடுத்தார். பழையதைவிடப் பட்டையாக இருந்தது. தையல்காரர் அளந்து பார்க்கவில்லை.

அடுத்த காலை மேடு கரைந்துபோனது. சத்தமே இல்லாமல் பனிக்குள் மிதந்து ஏறியது வண்டி. பெரிய டாக்டர் தன் நெஞ்சைத் தானே படமெடுத்துக்கொண்ட கதையை அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். அதில் தெரிந்த நிழலைச் சுற்றி நின்று டாக்டர்களெல்லாம் முகம் வாடியதுவரை வந்திருந்தாள், அதற்குள் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது. பின்னால் வந்த ஆஸ்பத்திரி வேன் அவளைப் பார்த்து வேகம் குறைத்தது. அவள் பார்க்காமலே, போகச் சொல்லிக் கையசைத்தாள், இறங்கவுமில்லை.

"நிழல் என்னன்னு சொல்லலையே" என்றார் அவர்.

"நேரமிருக்கு. வண்டியத் திருப்புங்க."

"கீழ போனா மறுபடி ஏறணுமே."

"ஏறட்டும்" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.