குறுந்தொட்டியின் நிழல்

குறுந்தொட்டி நிறைய இன்னும் ஏழு மணித்தியாலம் இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கே வாவிக்கரை இறால் பண்ணையில் ஆறு பெண்கள் நெடுந்தொட்டிக்குள் இறங்கி, உடைந்த சுவர்க்கற்களை அள்ளிக்கொண்டிருந்தார்கள். சீமெந்துத் தூளும் உப்பும் விரலிடுக்கில் எரிந்தன.

போன கிழமை அந்தச் சுவர் விழுந்ததில் கூட வேலை செய்த கேதீஸ்வரியின் கால் நசுங்கியது. "வாளியால சுவரை இடிச்சுட்டாள்" என்று சொல்லி, முதலாளி ஜெயந்தன் அவளுடைய சம்பளத்தையும் நிறுத்திவிட்டார்.

இப்போது எல்லோருக்கும் நெடுந்தொட்டி என்றால் பயம். எவ்வளவு தண்ணீர் கொள்ளும் தொட்டி அது! குறுந்தொட்டி அதில் கால்வாசிதான். ஒன்பது மணிக்குத் தேநீர் குடிக்க அதன் நிழலில், சுவரில் முதுகு சாய்த்து இருந்தார்கள்.

அவர்களோடு வந்து இருந்த, தண்ணீரின் உப்பளவு பார்க்கும் பிரஷாந்தி மட்டும் சாயவில்லை. விஞ்ஞானப் பட்டதாரி, நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். வருகிற மாதம் வேலை நிரந்தரமாகும் என்று முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

அவளுக்குத் தெரியும்: சுவரைத் தள்ளுவது தொட்டியின் நீளமல்ல, தண்ணீரின் ஆழம். நாலடித் தண்ணீரில் இந்தக் குறுந்தொட்டிச் சுவரின் மேல் நாலரைத் தொன். முதலாளி அதை இரண்டடி உயர்த்திக் கட்டியிருந்தார். ஆறடி நிரம்பினால் பத்துத் தொன்னைத் தாண்டும். சுவரின் தடிப்போ பழையதுதான்; உள்ளே கம்பியும் இல்லை. பழைய கல்லும் புதுக் கல்லும் சேரும் வரியில் ஈரம் கசியத் தொடங்கியிருந்தது.

முதலாளி வந்தார். தூரத்தில், வெயிலில் நின்றார்.

"கருகிப் போவீங்க முதலாளி, நிழலுக்கு வாங்களன்" என்றாள் அவர்களில் மூத்தவளான ஹப்ஸா. பெண்கள் சிரித்தார்கள்.

"எனக்கு இஞ்ச நிண்டாக் காணும். பின்னேரம் முட்டையிடுற தாய் இறால் வருது. விளிம்பு மட்டும் நிரப்பணும்."

பிரஷாந்தி ஹப்ஸாவின் தோளைத் தொட்டாள்.

"ராத்தா, எழும்புங்க. எல்லாரும் எழும்புங்க."

"என்னகா புள்ள?"

"இந்தச் சுவர் தாங்காது. கேதீஸ்வரி அக்கா இடிக்கல்ல. அண்டைக்கும் தண்ணிதான் தள்ளினது. இதில இன்னும் ஆழம்."

"உப்புப் பார்க்கிற உனக்கு என்னத்துக்குச் சுவர்க் கணக்கு?" முதலாளி கத்தினார்.

ஹப்ஸா ஈர வரியைத் தடவிப் பார்த்தாள். பிறகு போய், தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டரை நிறுத்தினாள். இரைச்சல் அடங்கியது.

"போடு மோட்டரை! இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

"நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டம்" என்றாள் ஹப்ஸா. ஆறு பேரும் சுவிட்சை மறைத்து நின்றார்கள். "கேதீஸ்வரிக்கு ஞாயம் சொல்லுங்க, சுவரைக் கம்பி வெச்சுக் கட்டுங்க. பிறகு வாறம்."

"இவள்ட பேச்சை நம்பியா? ஒரு கதை கதைக்காதவள், இண்டைக்கு வந்து புதுசா..."

பிரஷாந்தி போய் அவர்களோடு நின்றாள். ஹப்ஸாவின் ஈரக்கை அவள் கையைப் பிடித்தது.

"புதுசில்ல, சேர். நேற்றுப் பின்னேரமே உங்களிட்டச் சொன்னன். அதுதான் நீங்க வெயில்ல நிக்கிறீங்க."